திடலை வரையும் முன் சிறுவரைக் கேட்போம்

விளையாட்டுத் திடல், பாலர் பள்ளி, நூலகம் ஆகியவற்றை அமைக்க முனையும்போது பெரியவர்கள் கூடிப் பேசுவது நமது வழக்கம். நாள்தோறும் அவற்றைப் பயன்படுத்தப்போகும் சிறுவர்களை நாம் கேட்பதில்லை. பொருள் செலவிட்டு அமைத்த திடல் வெறிச்சோடிக் கிடக்க, பிள்ளைகள் சாலையோரத்தில் பந்தாடும் நிலை இதனால் நேரக்கூடும்.

1970களில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவில், கெவின் லிஞ்ச் எனும் நகரமைப்பு அறிஞர் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நான்கு நாடுகளில் சிறுவர்களைக் கொண்டே ஓர் ஆய்வை நடத்தினார். பிள்ளைகள் தாங்கள் வாழும் பகுதியைப் படமாக வரைந்து காட்டினர். மெல்பர்னில் பரந்த புல்வெளிகள் இருந்தும் பிள்ளைகள் சலிப்புற்றிருந்தனர். வசதி குறைந்த அர்ஜென்டினாவின் லாஸ் ரோசாஸ் பகுதிப் பிள்ளைகளோ தங்கள் இடத்தைப் பெரிதும் நேசித்தனர்.

1990களில் இவ்வாய்வு புத்துயிர் பெற்றபோது, பெங்களூரின் சத்யநகர் குடியிருப்பும் அதில் இடம்பெற்றது. அடிப்படை வசதிகள் குறைந்த அவ்விடத்திலும் பிள்ளைகள் நிறைவைக் கண்டனர். நட்பும் அக்கம்பக்கத்தாரின் உறவும் வசதிகளைப் போலவே மதிப்புடையவை என்பது இதனால் விளங்குகிறது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த நம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரநிழலையும் கூடி விளையாடிய முற்றத்தையும் எந்த வரைபடத்தில் நாம் சேர்த்தோம்?

சிறுவர்களை மேடையில் நிறுத்திக் கைதட்டுவது பங்கேற்பாகாது. ரோஜர் ஹார்ட் எனும் அறிஞர் 1992இல் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். பிள்ளைகளை அலங்காரமாகவும் பெயரளவிலும் பயன்படுத்துவது அதன் கீழ்ப்படிகளில் அடங்கும்; அவற்றை அவர் பங்கேற்பாகக் கொள்ளவில்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும், தம்மைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துரைக்கப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு எனக் கூறுகிறது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

புக்கிட் காத்தில் போன்ற வட்டாரங்களில் இதனைச் செய்யப் பெரும்பொருள் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஒரு மாலை பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டுப் பின்தொடரலாம். எங்கே விளையாடுகின்றனர், எந்தக் கால்வாயைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பது தெரியவரும். பின்னர் அவர்கள் விரும்பும் திடலைக் களிமண்ணாலும் அட்டையாலும் செய்யச் சொல்லலாம். சிறுமியரையும் இளையோரையும் தனித்தனியே கேட்பது நலம். இல்லையேல் மூத்த பையன்களின் குரலே மேலோங்கும்.

பாதுகாப்பும் செலவும் பெரியவர்களின் பொறுப்பே. எனினும், பிள்ளைகள் கேட்டவற்றுள் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதை வரைபடத்தைக் காட்டி அவர்களுக்கு விளக்குதல் வேண்டும். கேட்டுவிட்டு மறந்தால், மறுமுறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தம் சொல்லுக்கு மதிப்புண்டு எனக் கண்ட பிள்ளை, அத்திடலைத் தன் வீடு போலக் காக்கும்.