தரங்கம்பாடியில் ஒரு டென்மார்க்

லீவு விட்டாச்சு. சிலர் இலங்கைக்குக் கப்பல் ஏறலாமா, சிங்கப்பூர் போகலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நல்லது, போய் வாருங்கள். அதற்குள் ஒரு கேள்வி. பாஸ்போர்ட் இல்லாமலே டென்மார்க் நாட்டுக் கோட்டை ஒன்றில் ஏறி நிற்க முடியுமா?

முடியும், நம்ம தரங்கம்பாடியில்! பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை ஊர். மிளகு வாங்கக் கப்பலில் வந்த டென்மார்க்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620-இல் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேல் வியாபாரம் செய்துவிட்டு, கடைசியில் ஊரையே ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். விற்றது அவர்கள்தான், ஊர்க்காரர்களை யார் கேட்டார்கள்?

ஊருக்குள் நுழையும்போது ஒரு வெள்ளை வாசல் வரும். அவசரப்படாமல் அண்ணாந்து பாருங்கள். டென்மார்க் அரசரின் முத்திரை இன்னும் அதில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, பழைய தேவாலயங்கள், கோடியில் கோட்டை. கோட்டைக்குள் சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பக்கத்திலேயே, கடல் அரித்தது போக மிச்சம் நிற்கும் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கு இது போகிற வழிதான். காலையிலேயே போய்விடுங்கள், கோட்டை மேல்தளத்தில் உச்சி வெயில் சுளீரென்று அடிக்கும்!