சாலையடிப் பிளாஸ்டிக் குழாய்: ஆயுள் பதிப்பதில் இருக்கிறது

மங்கலம்பேட்டை போல நெடுஞ்சாலை ஓரம் கடைவீதி அமைந்த ஊர்களில், ஐப்பசி மழையில் சாலையடிக் குழாய் அடைத்தால் தண்ணீர் ஏறுவது நம் கிடங்குகளில்தான். சர்க்கரை, பருப்பு மூட்டைகள் ஒரே இரவில் வீணாகும். ஆகவே குழாய் பதிக்கும் முறையை வணிகர்களும் அறிந்திருப்பது நல்லது.

சுட்ட மண் குழாயும் சிமெண்ட் குழாயும் பாரத்தைத் தாமே தாங்கும். மீறினால் விரிசல் விடும். பிளாஸ்டிக் குழாய் அப்படியல்ல. லாரி பாரத்தில் சற்றே தட்டையாகி, பக்கத்து மண்ணின் பிடிப்பில் நிற்கும். அந்த மண் தளர்ந்திருந்தால் குழாய் நசுங்கும், இணைப்பு விலகும், சாலையும் உள்வாங்கும். விட்டத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நசுங்கக் கூடாது என்பது பொது வரையறை. 300 மி.மீ. குழாய்க்கு இது 15 மி.மீ. மட்டுமே.

கவனிக்க வேண்டியவை:

1. குழாய்க்கு அடியில் கல், கட்டி இல்லாத மணல் படுகை வேண்டும்.

2. இருபுறமும் சமமாக, அரை அடி உயரத்துக்கு ஒருமுறை மணலோ கிராவலோ நிரப்பி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். தோண்டிய களிமண்ணை அப்படியே தள்ளக் கூடாது.

3. மேலே போதிய மண் மூடி இறுகும் முன் லாரி ஏறக் கூடாது.

4. கட்டடங்களின் உள்ளும் புறமும் கழிவுநீருக்குப் பயன்படும் ஐ.எஸ். 13592 குழாய் இதற்கு ஆகாது. பூமிக்கடியில் பதிக்கும் பி.வி.சி. வடிகால் குழாய்க்கு ஐ.எஸ். 15328 முத்திரை உண்டு.

பள்ளம் மூடிய பிறகு குறை தெரியாது. மூடுமுன் நேரில் நின்று பார்ப்பதே நமக்குப் பாதுகாப்பு.