வண்ண இலைக் கிழங்குச் செடிகள்

பூவை நம்பி வளர்க்கும் செடிகள் ஒரு வகை. இலையையே பூவாக எண்ணி வளர்க்கும் செடிகள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில் முதலிடம் பெறத் தக்கது கலேடியம். இதயம் போன்ற அகன்ற இலை. அதில் செந்நிற நரம்பு, வெண்ணிறப் புள்ளி, இளஞ்சிவப்புத் திட்டு, பச்சை விளிம்பு. ஒரு சட்டி இருந்தாலும் வீட்டு முகப்பு நிறைந்து விடும். இச்செடி சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறப்பிடம் தென்னமெரிக்காவின் வெப்பக் காடுகள். இன்று உலகச் சந்தைக்கு வரும் கிழங்குகளில் மிகப் பெரும் பகுதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள லேக் பிளாசிட் என்னும் சிற்றூரைச் சுற்றிய வயல்களில் விளைகிறது.

இத்தகைய வெப்ப நாட்டுச் செடி நல்லதண்ணி போன்ற குளிர்ந்த ஊரில் வாழுமா என்பதே கேள்வி. மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது நல்லதண்ணி. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் நாட்கணக்கில் மழை விடாது. லயத்து இஸ்தோப்பில் ஆசையோடு ஊன்றிய கலேடியக் கிழங்கு முளைக்காமலே போவதும், முளைத்த செடி ஆண்டிறுதியில் வாடிச் சாய்வதும் இங்கு நேரக் கூடியவையே. ஆயினும், செடியின் இயல்பை அறிந்து நடந்தால் இவ்விரண்டையும் வெல்லலாம்.

முதலில் அறிய வேண்டியது, கலேடியம் உறங்கும் செடி என்பது. சில மாதங்கள் இலை விரித்துக் கிழங்கில் உணவைச் சேர்க்கும். பின்னர் இலைகளை உதிர்த்து விட்டு மண்ணுக்குள் ஓய்வு கொள்ளும். இலை மஞ்சளித்துச் சாய்வதைக் கண்டு செடி இறந்ததென்று எண்ணி, சட்டியோடு குப்பையிற் கொட்டுவோர் உயிருள்ள கிழங்கையே எறிந்து விடுகின்றனர். சிலரோ இரக்கப்பட்டு மேலும் மேலும் நீர் வார்க்கின்றனர். அது இன்னும் பெருந்தீங்கு. இலையில்லாத கிழங்கு நீரை உறிஞ்சாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் அது அழுகிப் போகும். ஐயமிருப்பின் கிழங்கைக் கையிலெடுத்துப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உறுதியாக இருந்தால் அது உறங்குகிறது. குழைந்து நாற்றம் வீசினால் இறந்து விட்டது.

இரண்டாவது, முளைப்பதற்கு வேண்டிய வெப்பம். மண்ணின் வெப்பநிலை ஏறக்குறைய 21 பாகை செல்சியசை எட்டினாலன்றிக் கிழங்கு எளிதில் கண் விடாது. மலைநாட்டின் குளிர்ந்த தரையில் நேராக ஊன்றிய கிழங்கு விழிக்கு முன்பே அழுகுவதற்குக் காரணம் இதுவே. இதற்கு மருந்து வீட்டிலேயே உண்டு. மாசி மாதத்தில், அடியில் துளையிட்ட தகர டின்னில் ஈரம் சற்றே கலந்த தும்புத்தூளை இட்டு, அதில் கிழங்கை வைத்து, அடுப்படியில் சூடு மெல்லப் படும் இடத்தில் வைத்தல் வேண்டும். கை வைத்தால் இளஞ்சூடு தெரிய வேண்டுமேயன்றிச் சுடலாகாது. சில வாரங்களில் முளை தோன்றும். அதன் பின்னரே சட்டிக்கு மாற்ற வேண்டும்.

இனி, ஒரு கிழங்கைப் பலவாக்கும் முறை. விதையிலிருந்தும் கலேடியம் வளரும். எனினும் தாயின் நிறம் பிள்ளைக்கு அப்படியே வாய்ப்பதில்லை. கிழங்கைப் பிரித்து நட்டாலோ அதே நிறம், அதே புள்ளி தவறாமல் வரும். தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. தாய்ச்செடியின் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டிலிருந்து வீ.பீ. தேயிலை எழுவதும் இதே நியதியால்தான்.

கிழங்கின் மேற்புறத்தில் சிறு மேடுகளாகத் தெரிவனவே கண்கள். கண்கள் சற்றுப் பருத்த பின், சுத்தமான கூரிய கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்களேனும் இருக்குமாறு வெட்டுதல் வேண்டும். ஆறு கண்களுள்ள கிழங்கு மூன்று செடிகளாகும். வெட்டுவாயில் விறகுச் சாம்பலைத் தடவி, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் உலர விட வேண்டும். காயம் ஆறி, மேலே மெல்லிய தோல் கட்டிய பின்பே நட வேண்டும். இந்த இரண்டு நாள் பொறுமை இல்லாமையாலேயே பல துண்டுகள் அழுகுகின்றன.

பிரிக்க விரும்பாதோர் நடுவிலுள்ள பெரிய கண்ணை மட்டும் கத்தி முனையால் அகற்றி விடலாம். பெரிய கண் மற்றக் கண்களை அடக்கி வைக்கும் இயல்புடையது. அது நீங்கியதும் சுற்றியுள்ளவை எல்லாம் எழும். கொழுந்தைக் கிள்ளினால் தேயிலைச் செடி பக்கங்களில் தழைப்பதை நாள்தோறும் காண்போருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

நடுவதற்கு மக்கிய இலையுரம், ஆற்று மணல், நன்கு மக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்த பொலபொலப்பான மண் ஏற்றது. கண்கள் மேல் நோக்க வைத்து, இரண்டு அங்குல ஆழத்தில் மூட வேண்டும். காலை இளவெயில் படலாம். உச்சி வெயில் இலையைக் கருக்கும். வைகாசியில் பெருமழை தொடங்குமுன் சட்டிகளை இஸ்தோப்புக்குள் எடுத்து, மேல் மண் காய்ந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளித்தால் நீரை நிறுத்தி, இலை முற்றக் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, உலர்ந்த தும்புத்தூளில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, அடுப்படிப் பரணில் மாசி வரை வைக்கலாம்.

இவ்வளவு கவனத்துக்கு நேரமில்லாதோர் ரெக்ஸ் பிகோனியாவை நாடலாம். அசாம் மலைகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி குளிரைக் கலேடியத்தினும் நன்கு பொறுக்கும். முற்றிய இலையின் நரம்புகளைக் குறுக்கே கீறி, ஈரமணலின் மேல் பரப்பினால், கீறிய இடந்தோறும் குஞ்சுச் செடி பிறக்கும்.

முடிவாக இரண்டு எச்சரிக்கைகள். கலேடியத்தின் இலையிலும் கிழங்கிலும் ஊசி போன்ற நுண்ணிய ஒட்சலேற்றுப் பளிங்குகள் உள்ளன. வாயிலிட்டால் நாவும் தொண்டையும் எரிந்து வீங்கும். பரணில் கிடக்கும் கிழங்கைச் சேம்பங்கிழங்கென்று கருதிச் சமைத்து விடும் அபாயமும் உண்டு. ஆதலின் அதனைத் தனிப் பெட்டியில், அடையாளமிட்டு, குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும். வெட்டும்போது கைக்கு உறை அணிதல் நன்று. குழந்தை கடித்து விட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல், வாயை நீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மற்றது காட்டைப் பற்றியது. நல்லதண்ணிக்கு அருகேயுள்ள சிவனொளிபாத மலைக் காடு 1940இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமை இடமாகவும் ஏற்கப்பட்டது. சட்டிக்கு வேண்டிய இலையுரத்தை அக்காட்டிலிருந்து அள்ளுதல் கூடாது. மிஞ்சிய கிழங்குகளை ஓடையிலோ காட்டோரத்திலோ எறிதலும் ஆகாது. பிறநாட்டுச் செடி அங்கே வேரூன்றினால் மண்ணுக்குரிய செடிகளின் இடத்தைப் பறிக்கும். மிஞ்சியதை அடுத்த வீட்டாருக்கு, வளர்க்கும் முறையையும் நஞ்சின் எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது. ஒரு காம்பராவில் விழித்த கிழங்கு சில ஆண்டுகளில் லயம் முழுவதும் வண்ணம் பரப்பும்.