ஸ்டேட்டஸ் போனால் படிப்பும் போச்சு

கலிஃபோர்னியாவின் பிளெசன்டன் நகரில் டிரை-வேலி என்றொரு பல்கலைக்கழகம் இருந்தது. 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அங்கே சோதனை போட்டபோது, பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் ஆந்திரத்துப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் சன்னிவேல் நகரில் ஒரே ஒரு அடுக்குமாடி வீட்டைத்தான் முகவரியாகக் காட்டியிருந்தார்கள்! பணம் கட்டினால் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் கைக்கு வரும், வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். இதுதான் அங்கே நடந்த வியாபாரம். நிறுவனருக்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாணவர்கள் சிலர் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டையோடு விசாரணைக்கு அலைந்தார்கள்.

2019இல் அம்பலமான மிஷிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் விசித்திரம். அதை நடத்தியதே அரசாங்கத்தின் ரகசிய ஏஜென்ட்டுகள். வகுப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. அதில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 600 பேர்.

இவை ஊரறிந்த வழக்குகள். ஆனால், நல்ல கல்லூரியில் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளையும் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்வதுண்டு.

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் எஃப்-1 எனும் மாணவர் விசா, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். உள்ளே போன பிறகு அதன் தேதி முடிந்தாலும் பாதகமில்லை. ஊருக்கு வந்து திரும்பும்போதுதான் புதிது வேண்டும். அங்கே தங்கியிருக்கும் உரிமையைத் தருவது ஸ்டேட்டஸ். அந்தக் கணக்கு ‘செவிஸ்’ என்ற அரசுக் கணினிப் பதிவில் இருக்கிறது. கல்லூரியில் அதைக் கவனிப்பவர் டிஎஸ்ஓ எனப்படும் அலுவலர். மாணவர் பதிவு செய்தாரா, முழுநேரம் படிக்கிறாரா என்று பருவத்துக்குப் பருவம் அவர் செவிஸில் ஏற்றியாக வேண்டும். வீடு மாறினால் 10 நாளைக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டியது மாணவரின் பொறுப்பு.

முழுநேரப் படிப்பு என்றால், இளநிலை மாணவருக்குப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட். சரியாக 12 மட்டும் எடுத்தவர், மார்க் குறைகிறதே என்று நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டால் 9 ஆகிவிடும். உள்ளூர் மாணவருக்கு அது சாதாரணம். எஃப்-1 மாணவருக்கு ஸ்டேட்டஸே போய்விடும். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் கடிதத்தோடு பாடத்தைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் டிஎஸ்ஓவின் அனுமதி முதலில், பாடத்தை விடுவது அப்புறம்.

வேலை விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வளாகத்துக்குள் நூலகத்திலோ கேன்டீனிலோ, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இரண்டு இடத்தில் பார்த்தாலும் இரண்டையும் சேர்த்து 20தான். வெளியே பெட்ரோல் பங்கில் கைக்காசுக்கு நிற்பதும், நண்பரின் பெயரில் உணவு டெலிவரிக்கு வண்டி எடுப்பதும் விதிமீறல். படிப்போடு சேர்ந்த பயிற்சிக்குச் சிபிடி அனுமதி உண்டு. அதிலும் முழுநேரமாக 12 மாதம் ஓட்டிவிட்டால், அந்தப் பட்டத்துக்கான ஓபிடி கைவிட்டுப் போகும்.

ஓபிடி என்பது பட்டப் படிப்பையொட்டி 12 மாதம் வேலை பார்க்கும் வாய்ப்பு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். படிப்பு முடிந்து ஓபிடி தொடங்கியதும் நாள் ஓட ஆரம்பித்துவிடும். முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. சனி, ஞாயிறும் இதில் சேரும். நீட்டிப்பு கிடைத்தால் மொத்தக் கணக்கு 150.

தவறிவிட்டால்? ஸ்டேட்டஸை மீட்டுத் தரக் கோரி விண்ணப்பிக்கலாம். பொதுவாக ஐந்து மாதத்துக்குள். தன் கைமீறிய காரணத்தால் நேர்ந்தது, அல்லது டிஎஸ்ஓ அனுமதித்திருக்கக்கூடிய பாடக் குறைப்புதான் என்று மாணவர் காட்ட வேண்டும். அனுமதியின்றி வேலை பார்த்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். பாடம் குறைந்ததற்கு மருத்துவர் கடிதமாவது காட்டலாம். பெட்ரோல் பங்க் வேலைக்கு எந்தக் கடிதமும் உதவாது.