விமானம் ஓட்டுவோர் உள்ளம்



சின்னசேலம் ரயில் நிலையத்து மேடையில் நின்று வடமேற்கே நோக்கினால், கல்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அம்மலைக்கு மேலே விமானம் செல்லும் ஒலி கேட்டால், எங்கள் ஊர்ச் சிறுவர்கள் இன்றும் அண்ணாந்து பார்க்கத் தவறுவதில்லை. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து, “ஐயா, விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அச்சமே இராதா?” என்று வினவினான். “அச்சம் அற்றவனே விமானி ஆக முடியும்” என்று சற்றும் தயங்காது விடையளித்தேன். வகுப்பும் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் இப்பொருள்பற்றிப் படித்தறிந்தபோது, அவ்விடை தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பதை உணர்ந்தேன். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளவே இன்று உங்கள்முன் பேசுகிறேன்.

ஊதியத்திற்காக விமானம் ஓட்டுவோர் ஒரு சாரார். தம் விருப்பத்திற்காகவும் சொந்தப் பயணத்திற்காகவும் ஓட்டுவோர் மற்றொரு சாரார். பின்னவரையே தனியார் விமானி என்கிறோம். நம் நாட்டில் இவ்வுரிமம் பெறப் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரமேனும் பறந்து பயின்றிருக்க வேண்டும். தேர்வுகளிலும் உடற்பரிசோதனையிலும் தேறவேண்டும். இந்தியாவில் முதன்முதலாக வழங்கப்பெற்ற விமானி உரிமத்தை 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. நம் சென்னையிலும் 1930களிலேயே பறக்கும் கழகம் ஒன்று இயங்கி, இளைஞர் பலருக்கு இக்கலையைக் கற்பித்தது.

இத்தகையோரிடம் பொதுவாகக் காணப்படும் பண்புகள் யாவை? முதலாவது, தணியாத ஆர்வம். அதனோடு பிறந்த தோழமை. இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே தனித்துப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து வந்தார். எகிப்து நாட்டு அபூக்கிரில் இருவரும் சந்தித்தனர். தம் இயந்திரத்திற்கு மாற்று ஸ்பார்க் பிளக் இன்றி ஆஸ்பி தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்து உதவினார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்கே சென்றது. அந்த இளைஞரே பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

இரண்டாவது பண்பு, தன்னம்பிக்கை. பயணிகள் விமானத்தில் துணை விமானி உண்டு. தரையில் திட்டமிட்டுக் கொடுப்போர் உண்டு. தனியார் விமானிக்கோ பெரும்பாலும் அவரே எல்லாம். புறப்படுவதா, நிற்பதா, திரும்புவதா என முடிவு செய்பவர் அவர் ஒருவரே. “இன்று வேண்டாம்” என்று தடுக்க அருகில் எவரும் இலர். ஆகவே, அவருடைய மனப்பான்மையே அவருக்குக் காவல். அதுவே அவருக்குப் பகையாகவும் கூடும்.

மூன்றாவது, ஒழுங்கு. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்தவர், இயந்திரத்தில் பழுதில்லை. தரையில் நிற்கும்போது வாற்புறச் சுக்கான் காற்றில் அசையாதவாறு இட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம். அதன் பின்னரே, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது. நினைவாற்றல் மிக்கவனும் மறப்பான் என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவே அப்பட்டியல்.

இனி, மறுபக்கத்தைக் காண்போம். விபத்துக்களை ஆராய்ந்தோர், விமானியைக் கெடுக்கும் மனப்பான்மைகள் ஐந்து என வகுத்தனர். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 1991இல் வெளியிட்ட அறிவுரையில் இவ்வைந்தும் இடம்பெற்றன. “எனக்கு யார் கட்டளையிடுவது?” என விதியை வெறுத்தல் ஒன்று. “ஏதாவது உடனே செய்” எனப் பதறுதல் இரண்டு. “எனக்கு ஒன்றும் நேராது” என எண்ணுதல் மூன்று. “என்னால் முடியும் என்று காட்டுகிறேன் பார்” என வீம்பு பேசுதல் நான்கு. “இனி என்ன செய்து என்ன பயன்?” எனக் கைவிட்டு விடுதல் ஐந்து. இவை நம் எல்லோரிடமும் சிறிதேனும் உண்டு. தன்னிடம் எது தலைதூக்குகிறது என்பதை அந்தக் கணமே கண்டு, அதற்கு நேர்மாறான எண்ணத்தை உள்ளத்தில் நிறுத்துவதே மருந்து என விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் இரவு, அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த கென்னடியின் மகன், மனைவியையும் அவர் தமக்கையையும் ஏற்றிக்கொண்டு, தம் சிறு விமானத்தில் கடல்மேல் பறந்தார். நிலவொளி குன்றிய இரவு, மூட்டமான வானம், கடலும் வானும் கூடும் கோடு புலப்படவில்லை. மூவரும் மாண்டனர். திசையுணர்வு தடுமாறியதே காரணம் என விசாரணை முடிவு கூறிற்று. நம் உட்செவியில் உள்ள நீர்மமே உடல் திரும்புவதை உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராக வளைந்துகொண்டேயிருப்பின், சிறிது நேரத்தில் அவ்வுணர்ச்சி மறைந்து, நேராகப் பறப்பது போலவே தோன்றும். கண்ணுக்கு அடையாளம் ஒன்றும் கிட்டாத வேளையில் உடல் பொய் சொல்லும். கருவிகளே மெய் சொல்லும். கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்குத் தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். அத்தகுதியை அவர் அதுவரை பெற்றிருக்கவில்லை.

“விமானம் ஓட்டாத எமக்கு இதனால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். 1991ஆம் ஆண்டு ஐப்பசியில், மாணவர் முப்பது பேருடன் கல்வராயன் மலையிலுள்ள அருவி ஒன்றைக் காணச் சென்றேன். நடுவழியில் வானம் கறுத்தது. எதிரே விறகுச் சுமையோடு வந்த மலைவாழ் முதியவர், “வாத்தியாரே, மேலே மழை பெய்யுது. ஓடையைத் தாண்டாதீங்க, திரும்பிடுங்க” என்றார். என் காலடியில் ஓடை கணுக்கால் அளவே ஓடிற்று. பாதிக்குமேல் வந்தாயிற்று, பிள்ளைகளுக்கு வாக்களித்தாயிற்று, திரும்பினால் சிரிப்பார்களே என்று தயங்கினேன். என் தயக்கத்தைக் கண்ட முதியவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு, ஓடைக்குக் குறுக்கே நின்றுகொண்டார். வெட்கத்தோடு திரும்பினேன். அரை மணி நேரத்திற்குள் அவ்வோடை மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு பாய்ந்தது. தாண்டியிருந்தால், அக்கரையில் சிக்கியிருப்போம். அல்லது ஓடையின் நடுவிலே இருந்திருப்போம். இலக்கு நெருங்க நெருங்கத் திரும்பும் துணிவு குறைவதை விமானிகள் நன்கறிவர். அன்று எனக்கு அந்த முதியவர் வாய்த்தார். வானில் தனித்துப் பறப்பவன், அந்த முதியவரைத் தன் உள்ளத்திலேயே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

டாட்டா 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிப் பறந்தார். ஐம்பதாண்டு கழித்து, 1982இல், தம் 78ஆம் வயதில், அதே வழியில் மீண்டும் தனித்துப் பறந்தார். அத்தனை ஆண்டுகள் பறந்தும் பறக்கும் ஆவல் அவரிடம் குன்றவில்லை. வானில் நெடுநாள் நிலைப்போர், திரும்பவேண்டிய நாளில் திரும்பத் தெரிந்தவரே.

அந்த மாணவன் இன்று எங்கிருந்தேனும் இப்பேச்சைக் கேட்பானாயின், அவனுக்கு என் திருத்திய விடை இதுவே: தம்பி, விமானிக்கும் அச்சம் உண்டு. அது சொல்வதைக் கேட்டு, ஆராய்ந்து, நாணாமல் அதன்படி நடப்பவனே நல்ல விமானி. மிதிவண்டியில் செல்லும் உனக்கும் அதுவே விதி.