ஒரே சமன்பாட்டுக்கு 24 விடைகள்! தெரியுமா?

மடக்கை, ஈருறுப்புத் தொடர், நேர்மாறு சைன். பள்ளியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல நம்மைப் பாடாய்ப்படுத்திய இவையெல்லாம் ஒரு தாய் மக்கள் என்பது தெரியுமா? தாயின் பெயர் ஹைப்பர்ஜியோமெட்ரிக் சார்பு! அதற்கு மூன்று எண்களைக் கொடுக்க வேண்டும். 1, 1, 2 கொடுத்தால் மடக்கை வரும். அரை, அரை, ஒன்றரை கொடுத்தால் நேர்மாறு சைன். அரை, அரை, ஒன்று கொடுத்தால்? ஊசல் எவ்வளவு அகலமாக ஆடினாலும் அதன் அலைவு நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம்!

1812இல் கணித மேதை காஸ் இந்தச் சார்பை விரிவாக ஆராய்ந்தார். இதன் வகைக்கெழுச் சமன்பாடு 0, 1, முடிவிலி என்ற மூன்றே இடங்களில்தான் முரண்டு பிடிக்கும். அந்த மூன்றையும் ஆறு விதமாக இடம் மாற்றலாம். ஒவ்வொரு விதத்துக்கும் நான்கு வடிவங்கள். ஆக, 24 விடைகள்! 1836இல் இவற்றை வரிசைப்படுத்திய கும்மர், அப்போது லீக்னிட்ஸ் நகரில் பள்ளி ஆசிரியர். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சமன்பாட்டுக்கு ஒன்றையொன்று சாராத விடைகள் இரண்டுதான். மற்றதெல்லாம் அவற்றின் வேறு வேறு தோற்றங்கள்.

வெறும் வேஷம்தானே, அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? 2இன் இயல் மடக்கை 0.6931. அதை 1 − 1/2 + 1/3 − 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால், ஆயிரம் உறுப்புகளுக்குப் பிறகும் 0.6926தான்; மூன்றாவது தசம இடமே தப்பு! இது, சார்பின் மாறிக்கு −1 கொடுத்தால் வரும் தொடர். இப்போது அந்த −1ஐ 1/2 ஆக்கும் இடமாற்றத்தைச் செய்யுங்கள். தொடர் 1/2 + 1/8 + 1/24 + 1/64 என்று மாறிவிடும். பத்தே உறுப்புகளில் 0.69306! அம்மாடி!

முதலில் சொன்ன மூன்று எண்கள் எவையெவையாக இருந்தால் விடைகள் எல்லாமே இயற்கணிதச் சார்பாக அமையும் என்று 1873இல் கணிதவியலாளர் ஷ்வார்ஸ் ஒரு பட்டியலே போட்டார். நான்முகி, எண்முகி, இருபதுமுகி ஆகியவற்றின் சமச்சீர்கள் அங்கே வந்து நிற்கின்றன!

நம் கும்பகோணத்து ராமானுஜன்? இந்தத் துறையில் அதுவரை ஐரோப்பா கண்டிருந்த முக்கியச் சூத்திரங்களில் பெரும்பாலானவற்றைத் தனியாகவே கண்டுபிடித்திருந்தார் என்று 1923இல் கணிதவியலாளர் ஹார்டி காட்டினார். 1914இல் ராமானுஜன் தந்த பை தொடரும் இதே குடும்பம்தான். அதை வைத்தே 1985இல் கோஸ்பர் என்பவர் பையின் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கணக்கிட்டார்!

கையில் போன் இருக்கிறதா? கால்குலேட்டரில் 9801ஐ 2206ஆல் வகுத்து, வந்ததை √2ஆல் வகுத்துப் பாருங்கள். 3.1415927 வரும். அது ராமானுஜன் தொடரின் முதல் உறுப்பை மட்டும் வைத்துக் கிடைத்ததுதான்!