ஆட்டக்காரருக்கு எத்தனை இடம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

“பையன் நன்றாகப் பந்து விளையாடுகிறான், ஏதாவது ஒரு கல்லூரியில் சும்மாவே சேர்த்துக்கொள்வார்கள்” என்று ஊர்ப்புறங்களில் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். குயிலாப்பாளையத்தில் முந்திரித் தோப்பை அடுத்த செம்மண் திடலில் மாலைதோறும் ஆடும் தம்பிமார் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. ஆனால் விளையாட்டுக்காக ஒரு கல்லூரி எத்தனை பேரைச் சேர்க்கலாம்? அதற்கு வரம்பு வேண்டுமா? வரம்பு இருந்தால் அது யாரைக் காக்கிறது? இவற்றைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரம்பு பிறந்த கதை

இந்தக் கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா. அங்கே ‘ஃபுட்பால்’ என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. களத்தில் அணிக்குப் பதினொருவர்தாம் என்றாலும், தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், அடிபட்டவருக்கு மாற்றாக வேறொரு கூட்டம் என்று ஒரு கல்லூரி அணி நூறு பேரைத் தாண்டிவிடும்.

என்.சி.ஏ.ஏ. என்று வழங்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1956-இல் விளையாட்டுத் திறமைக்காகவே கல்வி உதவித்தொகை கொடுப்பதை அனுமதித்தது. பணம் படைத்த பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களை அள்ளிக் குவித்தன. தமக்குத் தேவையில்லாவிட்டாலும் எதிரணிக்குப் போய்விடக் கூடாதே என்று சிலரைச் சேர்த்து ஓரத்தில் உட்கார வைத்ததும் உண்டு. பிறகுதான் கடிவாளம் வந்தது. 1973-இல் முதல்நிலை அணிகளுக்கு மொத்தம் 105 உதவித்தொகை, ஆண்டுக்குப் புதியவர் 30 பேர் என்று வரையறுத்தார்கள். 1978-இல் மொத்தம் 95 ஆயிற்று. 1992 முதல் படிப்படியாகக் குறைந்து 1994-இல் 85-இல் நின்றது. ஆண்டுக்குச் சேர்க்கும் புதியவர் எண்ணிக்கையும் 25 ஆகக் குறைந்தது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, செலவைக் கட்டுப்படுத்துவது. மற்றொன்று, திறமை ஒரே இடத்தில் தேங்காமல் பல கல்லூரிகளுக்கும் பரவச் செய்வது. பெரிய கல்லூரியில் எண்பத்தாறாவது ஆளாக ஓரத்தில் உட்கார வேண்டியவன், சிறிய கல்லூரியில் களத்தில் இறங்கி ஆடலாம் அல்லவா?

ஒரு சிறு கணக்கு

கணித மாணவனாகிய எனக்கு இந்த இரண்டு எண்களும் வியப்பளித்தன. ஆண்டுக்கு 25 பேர் வீதம் நான்கு ஆண்டுகளில் 100 பேர் சேர்வார்கள். மொத்த வரம்போ 85. அப்படியானால் எஞ்சிய 15 பேர் எங்கே போவார்கள்? சிலர் படிப்பில் தவறுவார்கள். சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள். சிலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவார்கள். தாமாகப் போகாதவர்களைப் போக வைப்பதும் நடந்தது. 1973-இலிருந்து உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே தரப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பயிற்சியாளருக்கு விருப்பமில்லை என்றால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம்.

இன்னொரு தந்திரமும் இருந்தது. வரம்பு கல்லூரியில் சேர்பவர்களுக்குத்தான், கையொப்பமிடுபவர்களுக்கு அன்று. ‘சிலர் மதிப்பெண் இல்லாமல் நின்றுவிடுவார்கள்’ என்று கணக்குப் போட்டு, இடத்தைவிட அதிகம் பேரிடம் கையொப்பம் வாங்கினார்கள். 2009-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் 37 பேரிடம் கையொப்பம் வாங்கியது பெரும் பேச்சாயிற்று. அந்த அணி அங்கம் வகித்த தென்கிழக்கு மாநாடு என்னும் கூட்டமைப்பு அவ்வாண்டே கையொப்பத்துக்கு 28 என்று வரம்பு கட்டியது. 2011-இல் அதை 25 ஆக்கியது. கணக்குத் தவறி எல்லாரும் வந்து நின்றால், கடைசியில் நிற்பவனிடம் ‘நீ ஜனவரியில் வந்து சேர்’ என்பார்கள். அதற்குச் ‘சாம்பல் சட்டை’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்!

கல்லூரிகளைக் கட்டுப்படுத்த வந்த வரம்பு, இவ்வாறு மாணவன் தலையில் விடிந்தது. எனவே வேறு பாதுகாப்புகள் தேவைப்பட்டன. 2012 முதல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து உதவித்தொகை தர வழி பிறந்தது. ஆட்டம் சரியில்லை என்று உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என 2015-இல் ஐந்து பெரிய கூட்டமைப்புகள் முடிவு செய்தன. ஆண்டுக்கு 25 என்ற வரம்பு 2023-இல் அடியோடு நீக்கப்பட்டது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பே போய், அணியில் 105 பேர்தாம் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. உதவித்தொகையின்றி ஆர்வத்தால் மட்டும் அணியில் இருந்த பலருக்கு இதனால் இடம் போகும் நிலை ஏற்பட்டது. அவர்களுக்குப் பாதுகாப்புச் சேர்த்த பிறகே நீதிபதி ஒப்புதல் தந்தார்.

நம் நாட்டில்

நம்மிடமும் வரம்புகள் உண்டு. அவற்றின் போக்கு வேறு. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்குக் கலந்தாய்வு நடக்கிறது. விளையாட்டு வீரர்களும் அதில் அடங்குவர். மத்திய அரசு 2017-இல் ஒப்புதல் அளித்த கேலோ இந்தியா திட்டம், ஆண்டுக்கு 1,000 பேரைத் தேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகள் உதவுவது என்று வகுத்தது.

அமெரிக்காவில் பயிற்சியாளரின் கண் தேர்ந்தெடுக்கிறது; நம் அரசுச் சேர்க்கையில் சான்றிதழ் தேர்ந்தெடுக்கிறது. பன்னாட்டுப் போட்டி, தேசியப் போட்டி, மாநிலப் போட்டி என்று படிவைத்துப் பார்க்கிறார்கள். இதில் ஒரு குறை: மாவட்டப் போட்டிக்குப் போகப் பேருந்துக்குக் காசில்லாத பிள்ளையிடம் திறமை இருக்கும், சான்றிதழ் இராது. ஒரு நிறையும் உண்டு: சேர்ந்த பின் கால் முறிந்தாலும் பட்டப்படிப்புக்கான இடம் அவனுடையதே.

சில தனியார் கல்லூரிகள் தரும் இலவச இடம் அப்படிப்பட்டதன்று. எங்கள் பக்கத்து ஊர் மாணவர் ஒருவர் கைப்பந்தில் வல்லவர். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தவர், ‘கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று வாயால் சொன்னார். அதை நம்பி அவர் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. ஜூன் மாதம் பெட்டியோடு போய் நின்றபோது, ‘இந்த ஆண்டுப் பட்டியல் நிறைந்துவிட்டது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்றார்களாம். சாம்பல் சட்டை கடல் கடந்தும் வருகிறது! ஓராண்டு சித்தாள் வேலைக்குப் போன பிறகே அவர் கல்லூரி வாசலை மிதித்தார். எங்களைப் போன்ற வீடுகளில் அந்த ஓராண்டு சிறிதன்று. கூலிக்காசு கையில் பழகிவிட்டால் மறுபடி புத்தகத்தைத் தொடாதவர்களே மிகுதி.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, விளையாட்டால் கல்லூரிக்கு வர விரும்பும் தம்பி தங்கையர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? அடிபட்டு ஆட முடியாமல் போனால் என் படிப்பு என்னாகும்? இதை எழுத்தில் தருவீர்களா? விடை எதுவாயினும் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டு வைப்பது நலம்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று வரம்பு கட்டுவது பாதி வேலைதான். சேர்த்த ஒவ்வொருவரையும் பட்டம் வாங்கும் வரை கைவிடுவதில்லை என்ற உறுதியே மறுபாதி. ஆட்டக்காரனின் கால்கள் பத்தாண்டு ஓடலாம். அவன் வாங்கும் பட்டமோ அவன் குடும்பத்தைத் தலைமுறைக்கும் தாங்கும். இதை நெஞ்சில் கொண்டு வரம்புகளை வகுத்தால், விளையாட்டும் வளரும், கல்வியும் வளரும்.